எருமப்பட்டிக் கோழிகளின் இசை ரசனை

“பாட்டு எங்கீங்க மச்சான்?” என்று கேட்டான் இனியன்.

“எந்தப் பாட்டுங்க மாப்ள?” என்று திருப்பிக் கேட்டார் அப்புசாமி.

எருமப்பட்டிக்குத் தெற்கே அப்புசாமியின் கோழிப்பண்ணை வாசலில், மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். பண்ணைக்குள் யார் போனாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இனியன் புது ஷூவைக் கழற்ற மறந்து அப்படியே இறங்கியிருந்தான். எதிரே நீள நீளமான கொட்டகைகள். அவற்றுக்குப் பின்னால், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நீலத்தில் கொல்லிமலை. கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. பாட்டுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“கோழிக்குப் போடுற பாட்டுங்க. பாட்டுக் கேட்டா முட்டை கூடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நானுங்களா?”

“அயோத்தியாப்பட்டணம் கல்யாணத்துல. பந்தியில உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ‘கோழிக்கெல்லாம் பாட்டுப் போடுறாங்களாமே, நீங்களும் போடுறீங்களா’ன்னு கேட்டேன். ‘ஆமாங்க’ன்னு சொன்னீங்க. ‘முட்டை கூடுதா’ன்னு கேட்டேன். அதுக்கும் ‘ஆமாங்க’ன்னு சொன்னீங்க.”

அப்புசாமி கழுத்தைத் தடவிக்கொண்டார். “நீங்க அத்தனை ஆசையாக் கேட்டீங்க மாப்ள. ஊட்டு மாப்ள கேக்கறப்ப இல்லீன்னு எப்படிங்க சொல்றது?”

அப்புசாமி பொய்யர் அல்ல. இனியனின் மனைவி வெண்ணிலாவுக்குப் பெரியம்மா மகன். ஊரில் நாணயத்துக்குப் பேர் போனவர். ஆனால் அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையிடம் ‘இல்லை’ என்று சொல்லும் வழக்கம் கிடையாது. மண்டையைப் பிளக்கும் வெயிலில் நின்று “மழை வருமா மச்சான்?” என்று கேட்டால், “வர்றாப்பலதானுங்க இருக்குது” என்பார்கள். மாப்பிள்ளைமார்களும் அதற்குத் தகுந்தாற்போல் குடையைக் கொண்டுவராமல் சமாளித்துக்கொள்வார்கள். இனியன் அப்படிச் சமாளிக்க முடியாத இடத்தில் இருந்தான். கட்டுரையை அவன் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டான். அதில் எழுதியிருப்பது நடக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

இனியன் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு இருசக்கர வாகன ஷோரூமில் வேலை பார்ப்பவன். சர்வீஸுக்கு வரும் வண்டிகளின் நோய்நொடிகளை அட்டையில் எழுதுவது அவன் தொழில். ‘முன்சக்கரத்தில் கிறீச் சத்தம்’, ‘ஏற்காடு மலையில் இழுக்கவில்லை’ என்று நாளெல்லாம் எழுதுவான். சாயங்காலம் வண்டி வெளியே போகும்போது, அந்த அட்டையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடுவார்கள். இத்தனை வருஷமாக அவன் எழுதியதில் மறுநாள் வரை உயிரோடிருந்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

அந்த ஏக்கத்தில்தான் ‘பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவது எப்படி’ என்ற இணைய வகுப்பில் சேர்ந்தான். சென்னையிலிருந்து கௌதமன் என்பவர் சனிக்கிழமைகளில் கைப்பேசித் திரையில் தோன்றிப் பாடம் நடத்துவார். வீட்டில் உட்கார்ந்தபடி, எந்தப் பத்திரிகைக்கும் அடிமையாகாமல், சுதந்திரமாக எழுதலாம் என்பார். இனியனுக்கு ‘சுதந்திரமாக’ என்ற அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. மீதிப் பாடம் நடக்கும்போதெல்லாம் அவன் வேறெங்கோ இருந்தான்.

பெரும்பாலும் ஒரு சலூனில் இருந்தான். சவரத்துக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவர் பழைய வார இதழைப் புரட்டுகிறார். நடுப்பக்கத்தில் நிற்கிறார். தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘இனியன்’. மின்விசிறிக் காற்றில் பக்கம் படபடக்க, அவர் விரலால் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். இந்தக் கனவு வரும்போதெல்லாம் இனியனுக்கு வண்டிகளின் கிறீச் சத்தம்கூட இனிமையாகக் கேட்கும்.

‘முதலில் யோசனையை ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்’ என்று கௌதமன் சொன்ன அன்றே, பாட்டுக் கேட்டு முட்டையிடும் கோழிகளைப் பற்றி ஒரு வார இதழுக்கு எழுதிப் போட்டுவிட்டான். ‘போய்ப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்’ என்றும் அவர் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் இனியன் சலூனில் இருந்திருப்பான். பொறுப்பாசிரியர் அறிவுமதி என்ற அம்மாளிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘அருமையான விஷயம். படங்களோடு கட்டுரையை அனுப்புங்கள்.’

“இப்ப என்னங்க பண்றது மச்சான்?” என்றான் இனியன், தொட்டிக்குள் ஊறியபடி.

“அதுக்கென்னுங்க மாப்ள, இப்பப் போட்டுட்டாப் போச்சு.”

அந்தப் பேச்சில் இனியனுக்கு உயிர் வந்தது. பாட்டுப் போட்டுவிட்டால் எழுதியது உண்மையாகிவிடும். முன்னால் எழுதிவிட்டோம், பின்னால் நடக்கிறது. வரிசை மட்டும்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அப்புசாமி ஆளனுப்பிச் சென்றாயனை வரவழைத்தார். சென்றாயன் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களைத்தான் கொண்டுவந்தான். அவனிடம் இருந்தது அதுதான். கொட்டகையின் இரண்டு கோடியிலும் ஒவ்வொன்றைக் கட்டினான். படம் நன்றாக விழ வேண்டுமென்று இனியன் அன்றைக்கென்றே வாங்கிய செக்கச்செவேல் சட்டையில் கூண்டு வரிசைக்கு நடுவே போய் நின்றான்.

“ஹலோ, மைக் டெஸ்டிங், ஹலோ” என்றான் சென்றாயன்.

பாட்டு வரைக்கும் போகவில்லை. அந்த ‘ஹலோ’விலேயே கொட்டகை முழுக்க இறக்கையாயிற்று. தவிட்டுத் தூசியும் இறகும் எழும்பி, எதிரே நின்ற அப்புசாமி மறைந்தே போனார். தூசி அடங்கியபோது கோழிகள் அத்தனையும் கூண்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு இனியனையே பார்த்தன.

மறுநாள் ஷோரூமிலிருந்து போன் போட்டான். “முட்டை எப்படிங்க மச்சான்?”

“நல்லாத்தானுங்க இருக்குது மாப்ள.”

போன் கைமாறியது. “அண்ணா, நான் ராசாத்தி பேசறனுங்க. பாதிக் கோழி முட்டையே வெக்கல. வெச்சதுலயும் ஓடு இல்லாம தோலாத்தான் வெச்சிருக்குது. இன்னொண்ணு, அந்தச் செகப்புச் சட்டைய மறுக்காப் போட்டுட்டு வராதீங்க. கோழி புதுக் கலரக் கண்டா மெரளும். அன்னிக்கே சொல்லச் சொன்னேன், இவரு வாயத் தொறக்கல.”

ராசாத்தி அப்புசாமியின் மனைவி; மோகனூர்ப் பக்கத்துப் பெண். அவள் பிறந்த வீட்டில் ‘இல்லை’ என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. பண்ணையின் வரவுசெலவை அவள்தான் பார்த்தாள் என்பதால் பண்ணை பிழைத்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இனியன் பண்ணை ஆட்களின் அழுக்குக் காக்கிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கையடக்க ஸ்பீக்கர் ஒன்றோடு போனான். சாயங்கால வெயில் கம்பி வலை வழியாக விழுந்து கொட்டகை நெடுகக் கட்டம் கட்டமாகக் கிடந்தது. புல்லாங்குழலை மெல்ல ஓடவிட்டான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முணுமுணுப்பு வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தது. ஒரு கோழி தலையைச் சாய்த்தது. அதைப் பார்த்து அடுத்தது. கொஞ்ச நேரத்தில் கொட்டகைக் கோடி வரை அத்தனை தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வெளியே தென்னை அசைவதும் நின்றுவிட்டதாக இனியனுக்குப் பட்டது. தான் எழுதிய கட்டுரைக்குள்ளேயே நடந்து வந்துவிட்டோமோ என்று நினைத்தான். கண் கலங்கியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

“எத்தனை அழகாக் கேக்குதுங்க பாருங்க” என்றான் குரலைத் தாழ்த்தி.

“அதானுங்கண்ணா பிரச்சனை” என்றாள் ராசாத்தி, அவன் கைப்பேசியில் படம் எடுத்தபடி. “தீவனம் போட்டு எத்தனை நேரமாச்சு. ஒண்ணும் கொத்தல.”

உண்மைதான். கோழிகள் ரசித்துக்கொண்டிருந்தனவே தவிரச் சாப்பிடவில்லை. சாப்பிடாத கோழி முட்டை வைக்காது. இனியன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். தீவனம் விழும் நேரத்தில் மட்டும் பாட்டு. மற்ற நேரம் அமைதி. ஸ்பீக்கரைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

வழி பலித்தது. பலித்ததுதான் வினையாகப் போயிற்று. சில நாளிலேயே கோழிகள் பாட்டுப் போட்டால்தான் தீவனத்தைத் தொடுவது என்று முடிவெடுத்துவிட்டன. ஒருநாள் கரண்டு போய், ஸ்பீக்கரிலும் சார்ஜ் இல்லாமல் போகவே, அப்புசாமியே கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து பாட வேண்டியதாயிற்று. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கும்மிப் பாட்டு. அதையும் கைதட்டாமல் பாடத் தெரியாது.

“கஷ்டமா இருந்துச்சுங்களா மச்சான்?” என்று கேட்டான் இனியன்.

“அய்ய, சந்தோசமுங்க மாப்ள” என்றார் அப்புசாமி. தொண்டை கட்டி, குரல் பாதிதான் வந்தது.

அடுத்து, பக்கத்துப் பண்ணைக்காரர் சின்னண்ணன் வரப்பேறி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“ஏனுங், உங்க ஊட்டுப் பாட்டு எங்க கொட்டாய் வரைக்கும் கேக்குதுங்க. எங்க கோழியெல்லாம் உங்க பக்கமா மூஞ்சியத் திருப்பிட்டு நிக்குது. தீவனம் அக்கட்டால, எதிர்ப்பக்கம் இருக்குதுங்க.”

“அப்ப நீங்களும் ஒரு பாட்டைப் போட்டுடுங்க” என்று யோசனை சொன்னான் இனியன். சொல்லியிருக்க வேண்டாம்.

சின்னண்ணன் சென்றாயனைப் பிடித்தார். சென்றாயன் குழாய் ஸ்பீக்கரை வரப்புப் பக்கமே திருப்பிக் கட்டினான். அதன் பிறகு தீவன நேரத்தில் இந்தக் கொட்டகையில் புல்லாங்குழல், அந்தக் கொட்டகையில் உடுக்கை. இரண்டும் நடு வரப்பில் மோதி, எந்தப் பக்கத்துக் கோழிக்கும் எதைக் கேட்பது என்று புரியவில்லை. இரண்டு பண்ணையிலும் முட்டை படுத்தது. எருமப்பட்டி வட்டாரத்தில் அந்த மாதம் தொழில் செழித்தது சென்றாயன் ஒருவனுக்குத்தான்.

இத்தனைக்கும் நடுவில் இனியன் ஒவ்வொரு ஞாயிறும் போய்க்கொண்டுதான் இருந்தான். போனால் ராசாத்தி டீயோடு வந்து எதிரே உட்காருவாள். திட்டுவாள் என்றுதான் முதலில் பயந்தான். திட்டவில்லை. கேள்வி கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை குறுக்கே பேசாமல் இருந்தாள்.

“ஏனுங்கண்ணா, நல்ல வேலையில இருக்கறீங்க. இதுல உங்களுக்கு என்னங்க கெடைக்குது?”

இனியன் டீயை ஆற்றினான். வெண்ணிலாகூட இதை இப்படிக் கேட்டதில்லை. “நான் எழுதுறதெல்லாம் அன்னன்னிக்கே கிழிச்சுப் போட்டுடுறாங்க தங்கச்சி. ஒரு தடவையாவது என் பேரு அச்சுல வரணும். யாரோ முகம் தெரியாதவங்க அதைப் படிக்கணும். அவ்வளவுதான்.”

“வர்லீன்னா?”

“வரலைன்னா...” இனியன் கொல்லிமலைப் பக்கம் பார்த்தான். மேகம் ஒன்று மலைமேல் படுத்துக் கிடந்தது. “வண்டியை ஓரங்கட்டிட்டு நடந்து போற மாதிரி இருக்கும். நடக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

ராசாத்தி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். மனதை இறக்கி வைத்த நிம்மதியில் இனியனுக்கு அன்றைக்குப் பேருந்தில் நல்ல தூக்கம் வந்தது.

கடைசியில் கட்டுரையை அனுப்பினான். முன்பு எழுதி வைத்திருந்ததைத் திருத்தி, கோழிகள் தலை சாய்த்த அந்தச் சாயங்காலத்தை மட்டும் சேர்த்தான். தோல் முட்டை, உடுக்கை, கும்மி எதுவும் அதில் இல்லை. ‘பாட்டினால் முட்டை கூடுகிறது என்கிறார் பண்ணையாளர் அப்புசாமி’ என்று முடித்திருந்தான். என்கிறார் என்பது உண்மைதானே. கல்யாணப் பந்தியில் சொன்னாரே.

இரண்டு நாள் கழித்து அறிவுமதி பேசினார். “கட்டுரை நல்லா வந்திருக்கு சார். நாங்க ஒருமுறை அந்தப் பண்ணைக்காரர்கிட்ட பேசிட்டு, அடுத்த இதழ்லயே போட்டுடுறோம். நம்பர் குடுங்க.”

இனியன் பயந்துதான் போனான். ஆனால் நம்பரைச் சொல்லும்போதே பயம் தெளிந்துவிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் காலை வாரலாம். அப்புசாமி வார மாட்டார். உடனே அவருக்குப் போன் போட்டான்.

“மச்சான், சென்னையிலருந்து ஒரு அம்மா கூப்பிடுவாங்க. மாப்பிள்ளையோட பத்திரிகை ஆசிரியருங்க அவங்க. கேக்குறதுக்கு ஆமான்னு சொல்லுங்க, போதும்.”

“மாப்ளைக்கே வேண்டப்பட்டவங்க. எப்படிங்க இல்லீம்பேன்?” என்றார் அப்புசாமி. அவர் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு இனியன் நிம்மதியாகச் சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டான். காத்திருப்போர் பெஞ்சில் கிடந்த பழைய இதழ்களை அழகாக அடுக்கி வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் மத்தியானம் ஷோரூமில் கூட்டமில்லை. ஏற்காடு மலைப் பக்கமிருந்து மழை வாசனை வந்துகொண்டிருந்தது. இனியன் அட்டையில் ‘பின் பிரேக் பிடிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டிருக்கும்போது அறிவுமதியின் போன் வந்தது.

“சார், பண்ணைக்காரர்கிட்ட பேசினோம். பாட்டுப் போட்டா முட்டை கூடுதான்னு கேட்டேன். ஆமாங்கன்னார்.”

“ஆமாங்க” என்றான் இனியன், மகிழ்ச்சியோடு.

“கூடுதா, இல்ல குறையுதான்னு ஒரு சந்தேகத்துக்குத்தான் மறுபடி கேட்டேன். ‘குறையவும் குறையுதுங்க’ன்னார். எனக்குப் புரியல. ‘அப்ப பாட்டே போடுறதில்லையா’ன்னு கேட்டேன். அதுக்கும் ஆமாங்கன்னார். கடைசியா, ‘உங்ககிட்ட கோழி இருக்கா சார்’னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, ‘நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படித்தானுங்க’ன்னார்.”

இனியன் பேனாவைக் கீழே வைத்தான்.

“இதை நாங்க போட முடியாது சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

“நான் திருத்தி எழுதித் தரேன் மேடம். நடந்தது எல்லாத்தையும் அப்படியே எழுதிடுறேன்.”

“தேவையில்ல சார். அதே பண்ணையைப் பத்தி வேற ஒருத்தர் அனுப்பியிருக்காங்க. நடந்தது நடந்தபடி எழுதியிருக்காங்க. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுப் படிச்சோம், கடைசியில கொஞ்சம் அழுகையும் வந்துடுச்சு. அதையே எடுத்துக்கிட்டோம்.”

போன் நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இனியனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து அழுவது எப்படி என்று தெரியாததால் சும்மா இருந்தான். சலூன், மின்விசிறி, பெயரை அழுத்திப் பிடித்த அந்த விரல் எல்லாம் ஒவ்வொன்றாக நனைந்து கரைந்து போயின. யார் எழுதியிருப்பார்கள்? சென்றாயனாக இருக்குமோ? அவனுக்குத்தான் பாட்டின் மேல் அக்கறை. சின்னண்ணனோ? கோபத்தில் எழுதினால் யாருக்கும் நன்றாகத்தான் வரும் என்று கௌதமன் சொல்லியிருந்தால்கூட ஆச்சரியமில்லை. எப்படியானாலும் தன் கட்டுரையை எவனோ எழுதிவிட்டான். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

நனைந்த வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், “ஸ்டார்ட் ஆகல சார்” என்றார். இனியன் புது அட்டையை எடுத்து, ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எழுதினான். தன்னைப் பற்றியே எழுதுவதாக இருந்தது அவனுக்கு.

மறுபடியும் போன் அடித்தது. எருமப்பட்டி எண். மச்சான் மன்னிப்புக் கேட்கப்போகிறார், நானும் பரவாயில்லை என்று சொல்லியாக வேண்டும் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே எடுத்தான்.

பேசியது ராசாத்தி. “அண்ணா, கோழிக்குப் பாட்டுப் போட வந்த மனுசன்னு உங்களப் பத்தி நாந்தானுங்க எழுதிப் போட்டேன், முழுப் பக்கத்துக்கு உங்க போட்டோ போடறாங்களாமா, பேருக்குப் பக்கத்துல வயசும் போடோணுமாம், எத்தனைன்னு சொல்லுங்க.”